நான் உருவிய கழி

ராசா,

விளக்கு டிராகனில் உன் புதுப் பலகை யாருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று நேற்றுப் பின்னேரம் மேய் அக்கா வந்து கேட்டார். கையில் வழக்கமான அந்தப் பட்டியல். நீயும் யுன்னும் கலியாணம் செய்து தனி வீடாகிவிட்டீர்கள். புது வீட்டுப் பலகை முதல் வருடம் பெற்றவர்களின் பலகைக்குப் பின்னால்தான் கோர்க்கப்படும், கோர்க்கிற கழியைச் செருகுவதும் பெற்றவர் கைதான் என்பது மேய் அக்காவின் சீன ஊர் முறை. ஞாயிற்றுக்கிழமை நான் வந்தால் நீங்கள் எனக்குப் பின்னால். வராவிட்டால் யுன்னைப் பெற்ற மேய் அக்காவுக்கும் அவர் புருசனுக்கும் பின்னால். "வாறன், இல்லாட்டி வரேல்லை. ஒரு சொல்லு" என்று பேனையைத் திறந்தார். நான் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை நான் உனக்குத்தான் சொல்ல வேண்டும். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஒரு சொல்லில் முடியவில்லை.

இது போன வருடம் எழுதியிருக்க வேண்டிய கடிதம். பிந்திவிட்டது. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். பிரெஞ்சில் எழுதிப் பார்த்தேன். பிரெஞ்சில் எழுதினால் ஆய்வுகூடத்திலிருந்து நோயாளிக்கு முடிவு அனுப்புகிறவள் மாதிரி மரியாதையாகிவிடுகிறேன். எனக்கு உன்னோடு மரியாதையாக இருக்க விருப்பமில்லை. ஆகவே மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் என்னைக் கேள், மேய் அக்காவைக் கேட்காதே. பெயர்களை மாற்றி எங்கள் ஆட்களின் மாதப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். மறைத்து மறைத்து இந்த வீட்டில் நடந்தது போதும்.

உனக்கு ஆறு வயது, எனக்கு இருபத்தேழு. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போதே உன்னைப் பெற்றவள் நான். மடியில் உன்னையும் மேசையில் நுண்ணுயிரியல் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு படித்து முடித்தேன். வேலை கிடைத்த வருடமே உன் அப்பா அல்பெர்ட்டாவில் மூன்று மாத ஒப்பந்தம் என்று போனார். அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் இருந்தது, கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருந்த கட்டடத்தில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. கீழே உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் நான் நுழைந்தால் கதை நிற்கும். ஏன் நிற்கிறது என்று விளங்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் எடுத்தது. போனதைவிட, போனது எல்லாருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் நான் அந்த அறையில் சிரித்துக்கொண்டு சவர்க்காரத் தூள் கடன் கொடுத்துத் திரிந்ததுதான் இன்றைக்கும் காதைச் சுடுகிறது. இதை உனக்கு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லக் கூடாத வயதிலும் சொன்னேன். எனக்கு எது தாங்காது என்று இந்த உலகத்தில் மிக நன்றாகத் தெரிந்தவன் நீ.

அந்த முகங்களைவிட்டு ஓடித்தான் இதே நகரத்தில் ஆற்றங்கரைப் பக்கம் இந்த லாசாலுக்கு வந்தோம். எதிர்க்கதவு மேய் அக்கா. யுன்னின் பனிச்சப்பாத்தை நீ மாறிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன அன்று அவர் உன்னுடையதைக் கையில் தூக்கிக்கொண்டு என் கதவைத் தட்டினார். அப்படித் தொடங்கியது. இருவருக்கும் சொந்தமில்லாத பிரெஞ்சில்தான் கதைத்தோம். மேய் அக்காவின் பிரெஞ்சில் நேற்று நாளை எல்லாம் கிடையாது, எல்லாமே இப்போது நடக்கும். அவர் சொன்னதெல்லாம் என் காதில் எங்கள் தமிழாகவே விழுந்துவிடும், அப்படியே எழுதுகிறேன். அந்த மாசியில் வந்து கேட்டார்.

"வீட்டுக்கு ஒரு பலகை. உன்ரை பலகை எங்கை?"

"நாங்கள் உங்கடை ஆக்கள் இல்லையே அக்கா. வீடெண்டும் சொல்லேலாது. நானும் பெடியனும்தானே."

"கதவு இருக்கோ?"

"இருக்கு."

"கதவு இருந்தா வீடு. பலகையைக் கொண்டு வா."

அவர்களுடைய மலையூரில் சீனப் புதுவருடத்து முதல் பூரணைக்கு எடுக்கிற ஊர்வலம் அது, இங்கே அதை அண்டிய ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைப் பூங்காவில் எடுக்கிறார்கள். டிராகன் யாருடைய சொத்தும் இல்லை. தலையும் வாலும் பொது, உடல் வீடுகளுடையது. ஆள் நீளப் பலகை, மேலே மூங்கில் சிம்பில் கட்டிய இரண்டு கடதாசி விளக்குகள், இரண்டு முனையிலும் ஒவ்வொரு துளை. உன் பலகையின் முன்துளையை உனக்கு முன்னால் நிற்பவரின் பின்துளைக்கு நேரே வைத்து, கழியை ஊடே செருகி, அந்தக் கழியையே பிடித்துத் தூக்க வேண்டும். முப்பது வீடு அப்படிக் கோர்த்தால்தான் ஒரு டிராகன். பலகையை அந்த வீட்டவர்தான் தூக்கலாம். மகன், மகள், மருமகன், யாரானாலும் அந்த வீட்டு ஆளாக இருக்க வேண்டும். கோர்த்த பிறகு, தலை சுருண்டு திரும்ப விரியும்வரை எவரும் கழியை உருவக் கூடாது. மூக்கு வடிந்தாலும் மூத்திரம் முட்டினாலும் கூடாது. ஒரு வீட்டின் இடம் வெறுமையாக இருந்தால் அந்த வீட்டில் நோயோ சாவோ என்று அர்த்தம். நடுவில் உருவினால் அதைவிடக் கேடு. மேய் அக்கா இதை எனக்கு ஒருமுறைதான் சொன்னார். ஒருமுறை போதும், நான் பயப்படவே பிறந்தவள்.

குசினி நிலத்தில் பலகையைக் கிடத்தி நாங்கள் இருவரும் கடதாசி ஒட்டினோம். மீன் செதில் கீறு என்றேன், நீ பனி அள்ளுகிற வண்டி கீறினாய். பூங்காவில் நெருப்புக் கூடாது என்று நகரசபை சொல்லிவிட்டதால் உள்ளே மெழுகுதிரி இல்லை, பற்றரி விளக்கு. வயதான ஆட்கள் அதற்குப் புறுபுறுத்தார்கள். எனக்கு மட்டும் நிம்மதி. முதல் வருடம் உனக்கு மேலே மேலே மூன்று கையுறை போட்டு, மூக்குக்குக் களிம்பு பூசி, கழியைப் பிடித்த உன் கைக்கு மேலே என் கையை வைத்துக்கொண்டே நடந்தேன். இரண்டாம் வருடமும் அப்படித்தான். எட்டாம் வருடமும் அப்படித்தான். பதினான்கு வயதில் நீ திரும்பிப் பார்த்துச் சொன்னாய், "அம்மா, நீங்கள் பலகையைத் தூக்கேல்லை, என்னைத்தான் தூக்கிறியள்." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், தமிழ் தெரியாத ஆட்களும் சிரித்தார்கள். அன்றைக்குக் கையை எடுத்தேன். பலகையை உன்னிடம் விட்டுவிட்டுக் கரையில் நின்று பார்த்தேன். கையை எடுத்தேனே ஒழிய, கண்ணை எடுக்கவில்லை. அதுவும் ஒரு பாரம்தான் என்று இப்போது படுகிறது.

இனி என் பிழைகளுக்கு வருகிறேன். உன்னுடையதைச் சொல்வதற்கு முன் என்னுடையதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீ வாசிப்பதை நிறுத்திவிடுவாய்.

உன் அப்பா போனபோது ரொறன்ரோவில் இருந்து அண்ணை, உன் மாமா, விடாமல் கூப்பிட்டார். ஸ்காபரோவுக்கு வா, பிள்ளை எங்கடை ஆக்களோடு வளரட்டும், அங்கே தனிய நின்று என்ன செய்யப்போகிறாய் என்று. நான் மாட்டேன் என்றேன். என் வேலை இங்கே, என் பிடிவாதமும் இங்கே. பிள்ளை சீனர்களோடு டிராகன் தூக்குகிறான் என்று தெரிந்தால் அடுத்த நாளே காரை எடுத்துக்கொண்டு வந்து பெட்டியைக் கட்டுவார் என்று பயந்தேன். டிராகன் பயிற்சிக்கு நீ போகிற சனிக்கிழமைகளில் அவர் தொலைபேசி எடுத்தால், "தமிழ் வகுப்புக்குப் போட்டான் அண்ணை" என்பேன். "ஓமோ, நல்லது. இப்ப என்ன படிப்பிக்கினம்?" என்பார். "ஆத்திசூடி." அடுத்த வருடம் "கொன்றைவேந்தன்." உன்னையும் பக்கத்தில் இருத்திப் பாடமாக்க வைத்தேன். "மாமா கேட்டா என்ன சொல்லுவாய்?" "தமிழ் வகுப்பு." "டிராகன் எண்டு வாய் தவறியும் சொல்லக் கூடாது. சரியோ?" "ஓம் அம்மா." ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்வதை நான் பாடமாக, பரீட்சை வைத்துப் படிப்பித்தேன்.

இன்னொன்று. உனக்குப் பதினேழு வயதிருக்கும். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் இந்த ஊர் வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டப்போகிறாள் என்று செய்தி வந்தது. நான் தொலைபேசியில், "பெத்ததுகளின்ரை மூஞ்சியிலை கரியைப் பூசிப்போட்டாள்" என்றேன். யாரிடம் சொன்னேன் என்பதுகூட நினைவில்லை. எதிரே நீ இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்து கை கழுவினாய். கறி உறைப்பாக்கும் என்று நினைத்தேன். அப்போதே உனக்கும் யுன்னுக்கும் இடையில் ஏதோ இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும். இரண்டு பேரும் ஒரே சப்பாத்தை மாறிப் போட்டு வளர்ந்ததுகள், அண்ணன் தங்கச்சி மாதிரி என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இவ்வளவும் என் கணக்கில் எழுதிவிட்டேன். இனி போன வருடம்.

நீ தங்கிப் படிக்கிற சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்து தொலைபேசி எடுத்தாய். "அம்மா, இந்தமுறை வரேலாது. திங்கட்கிழமை சோதனை."

"அப்ப பலகை?"

"ஒரு வருசம் விட்டா ஒண்டும் நடக்காது. நீங்களும் போகாதேங்கோ. மைனஸ் இருபத்திரண்டு எண்டு போட்டிருக்கு. விழுந்து கிழுந்து போடுவியள்."

என் பிள்ளைக்கு என் கால் எலும்பில் எவ்வளவு கவனம் என்று அன்று முழுக்க மகிழ்ந்துபோய் இருந்தேன். ஆய்வுகூடத்தில் பக்கத்து மேசைக்காரியிடமும் சொன்னேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனதும் மனம் கேட்கவில்லை. மகனுக்குச் சோதனை, அதற்கு முதல் நாள் எங்கள் வீட்டு இடம் வெறுமையாக இருப்பதா. மற்ற எந்த நாளாக இருந்தாலும் நீ சொன்னபடி வீட்டில் இருந்திருப்பேன். நீ சொன்ன பொய்தான் என்னைக் கிளப்பி அங்கே கொண்டுபோனது. பலகையை நானே தோளில் வைத்துக்கொண்டு பனியில் நடந்து பூங்காவுக்குப் போனேன்.

என்னைக் கண்டதும் மேய் அக்காவின் முகம் போன போக்கை நான் குளிர் என்று எடுத்துக்கொண்டேன். "ஏன் வாறாய்? உன்ரை மகன் சொல்லுறான், நீ வரேல்லை எண்டு." பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வால் பக்கம் நில். அங்கை காத்துக் குறைவு." ஆற்றங்கரைக் காற்று வாலுக்குத்தான் கூட அடிக்கும் என்பது பதினைந்து வருடமாக அந்த இடத்தில் நிற்கிற எனக்குத் தெரியாதா. ஆனாலும் அன்பு என்று நம்பிப் போய் வாலுக்கு மூன்று வீடு முன்னால் நின்றேன். தலைப்பக்கம் கண்ணுக்கே தெரியாத தூரம்.

நீயும் மேய் அக்காவும் மறந்த ஒன்றை நானும் அப்போது நினைக்கவில்லை. டிராகன் நேரே போய் முடிகிற ஊர்வலம் இல்லை. கடைசியில் சுருளும். தலை உள்ளே உள்ளே சுற்றிப் போய், நடுவில் திரும்பி, வந்துகொண்டிருக்கிற வரிசைகளுக்கு இடையால் எதிர்த்திசையில் வெளியே வரும். அப்போது முன்னால் நிற்கிற ஒவ்வொருவரும் பின்னால் நிற்கிற ஒவ்வொருவரையும் முகத்துக்கு முகம் கடந்தே ஆக வேண்டும். சின்ன வயதில் உனக்கு அதுதான் பிடித்த இடம், கடந்து போகிற எல்லாருக்கும் தலையாட்டி வணக்கம் வைப்பாய். மேளச் சத்தம் கிட்ட வந்தது. தலை கடந்தது. முதலாம் வீடு கடந்தது. இரண்டாம் வீடு கடந்தது. மூன்றாவது மேய் அக்கா வீட்டுப் பலகை. அதைத் தூக்கிக்கொண்டு நீ வந்தாய். யுன் உனக்குப் பக்கத்தில் பலகையில் ஒரு கையை வைத்தபடி நடந்தாள்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு விளக்கைப் பார்த்தாய். ஏதோ விளக்கு அணையப் போகிற மாதிரி, அதை மட்டும் பார்த்தபடி என்னைக் கடந்து போனாய். கையை நீட்டினால் உன் தொப்பியைத் தொட்டிருப்பேன்.

யுன்னின் அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, யுன் தனியத் தூக்க மாட்டாள் என்று உன்னைக் கேட்டார்கள். எல்லாம் பிறகு அறிந்தேன். ஆனால் ராசா, அந்தப் பலகையை யார் தூக்கலாம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ அதைத் தூக்கினாய் என்றால் இவன் எங்கள் மருமகன் என்று முப்பது வீட்டுக்கும் சொல்லியாயிற்று. முதலாம் வீடு சிரித்தபடி போனது, இரண்டாம் வீடு சிரித்தபடி போனது, எல்லாருக்கும் தெரியும், உடுப்புத் தோய்க்கிற அறை திரும்ப வந்துவிட்டது, நான் திரும்பவும் நடுவில் நிற்கிறேன். அந்த நேரம்தான் என் கை கழியை உருவியது. கோபத்தில் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்தே உருவினேன்.

முன்னால் போனவர்கள் போய்விட்டார்கள். நான் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர் நிற்கத் தெரியாமல் என் பலகையில் மோதி விழுந்தார், அவருடைய கழியும் கழன்றது. கத்தினார்கள். மேளம் நின்றது. நான் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பலகையோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், நடந்தேதான் வந்தேன். விளக்கை அணைக்கக் கூடத் தோன்றவில்லை. வழியில் ஒரு பிள்ளை தாயின் கையை இழுத்து, இந்த அம்மாவுக்குப் பிறந்தநாளா என்று பிரெஞ்சில் கேட்டது.

விழுந்தவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. வெதுப்பகத்தில் மாப் பிசைகிறவர், இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. இரண்டாம் கிழமை சோறும் கறியும் கட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். "நான் ஒவ்வொரு பனிக்காலமும் விழுகிறன், இந்தமுறை ஒரு காரணம் இருக்கு" என்று சிரித்தார். சிரித்தாலும் கை கை தானே. நீ எனக்குச் செய்ததற்கு அவர் எலும்பு கொடுத்தார். இதை நான் மறக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நீ அன்று பதினொரு தடவை எடுத்தாய். நான் எடுக்கவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்று எழுதி அனுப்பினாய், என்னத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஐப்பசியில் நீதிமன்றத்தில் கலியாணப் பதிவு என்று நாளும் நேரமும் அனுப்பினாய். அந்த நேரத்தில் நான் வேலையில் இருந்தேன். விடுப்பு எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. உன் ஒரே கலியாணத்தின் நேரத்தில் மற்றவர்களின் இரத்தத்துக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அது தண்டனை என்று நினைத்துத்தான் செய்தேன். யாருக்குத் தண்டனை என்று அப்போது யோசிக்கவில்லை.

நேற்று மேய் அக்கா பேனையைத் திறந்துகொண்டு நின்றபோது ஒரு வருடமாக வயிற்றுக்குள் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "பதினாறு வருசம் அக்கா. உங்கடை பிள்ளைக்கு அம்மை போட்டபோது நான் மடியில் வைச்சிருந்தனான். ஒரு சொல்லுச் சொல்ல வாய் வரேல்லையோ?"

"நான் சொல்லுறன் அவனுக்கு, அம்மாட்டைச் சொல்லு. அவன் சொல்லுறான், பேந்து, பிறகு பாப்பம். நான் திரும்பச் சொல்லுறன். அவன் திரும்பச் சொல்லுறான், பேந்து, பேந்து."

"அவன் சின்னவன். நீங்கள்?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "என்ரை பிழை" என்றார். "நான் பயப்பிடுறன், நீ வேண்டாம் எண்டு சொல்லுறாய், யுன் அழுகிறாள். அதாலை வாயை மூடுறன்." பிறகு பேனையை மூடினார். "நீ உன்ரை அண்ணனுக்குச் சொல்லுறியோ, டிராகன் எண்டு?"

கதவைச் சாத்திவிட்டேன். சாத்தியது கொஞ்சம் பலமாகத்தான்.

இன்று காலை பத்து மணிக்கு அண்ணைக்கு எடுத்தேன். நலம் விசாரிக்கவே இல்லை. "அண்ணை, ஒண்டு சொல்லவேணும். பெடியன் சனிக்கிழமையளிலை தமிழ் வகுப்புக்குப் போகேல்லை. சீன ஆக்களோடை டிராகன் தூக்கப் போனவன். ஆறு வயசிலையிருந்து. நான்தான் பொய் சொன்னனான்" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன்.

மறுபக்கத்தில் அவர் சிரித்தார். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"உவன் எட்டு வயசிலை இஞ்சை வந்து நிண்டவனல்லே, கோடை லீவுக்கு. காரிலை போகேக்கை தானாச் சொன்னவன். மாமா, நான் டிராகன் தூக்கிறனான், எங்கடை வீட்டுக்கும் ஒரு பலகை இருக்கெண்டு. பலகையிலை என்ன கீறினது எண்டதுகூடச் சொன்னான்."

"பேந்தேன் என்னட்டைக் கேக்கேல்லை? வருசா வருசம் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் எண்டு நான் அளக்க, நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டு..."

"நான் சிரிச்சுக்கொண்டிருந்தனான். திருக்குறளுக்கு எப்ப வருவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." பிறகு குரல் மாறியது. "அவன் கேட்டவன் பிள்ளை. தான் சொன்னதெண்டு அம்மாட்டைச் சொல்லாதேங்கோ மாமா, அவ பயந்திடுவா எண்டு. எட்டு வயசுப் பெடியன் கும்பிட்டுக் கேட்டா நான் என்ன செய்யிறது?"

தொலைபேசியை வைத்துவிட்டு வருடங்களை விரலில் எண்ணிப் பார்த்தேன். பதினான்கு வருடம் உன் மாமாகூட எனக்கு மறைத்திருக்கிறார். கோபம் வர வேண்டும், வந்தது. ஆனால் கோபத்தைவிட இன்னொன்று பெரிதாக நின்றது. எட்டு வயதில் நீ உண்மையைச் சொல்கிறவனாகத்தான் இருந்திருக்கிறாய். சொல்லாமல் இருக்க உன்னால் முடியவில்லை. சொல்லிவிட்டு, என்னை நினைத்துத்தான் மறைத்திருக்கிறாய். அண்ணைக்குப் பயந்து நான் மறைத்தேன், எனக்குப் பயந்து நீ மறைத்தாய், எனக்குப் பயந்து மேய் அக்காவும் மறைத்தார். என்னைச் சுற்றி எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நடந்திருக்கிறார்கள், நித்திரையான குழந்தை இருக்கிற வீட்டில் நடக்கிற மாதிரி. அப்படி நடக்க வைத்தது யார் என்று கேட்டால், ராசா, என் கை கால் நடுக்கம்தான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பயந்து பயந்தே, பிள்ளை தனக்கு ஆனது எதையும் என்னிடம் சொல்ல முடியாமல் ஆக்கிவிட்டேன்.

இதனால் நீ செய்தது சரியாகிவிடாது. பொய் சொல்லி என்னை வீட்டில் இருத்தப் பார்த்தாய், அது துரோகம்தான். எனக்கு எது தாங்காது என்று தெரிந்தும் அதையே செய்தாய். கோபம் போகவில்லை, எப்போது போகும் என்றும் தெரியவில்லை. உனக்கும் இனி ஒரு வீடு, நாளைக்குப் பிள்ளைகள் வரும். அவர்களுக்காகப் பயப்படு, பயப்படாமல் யாராலும் பிள்ளை வளர்க்க முடியாது. ஆனால் உன் பயத்தைப் பிள்ளை தூக்கிச் சுமக்கிற மாதிரி முகத்தில் வைத்துக்கொண்டு திரியாதே. யுன்னிடம் எதையும் பேந்து என்று தள்ளாதே. அந்தச் சொல்லால் நாங்கள் எல்லாரும் எவ்வளவு இழந்தோம் என்று பார்.

மேய் அக்காவின் கேள்விக்கு என் பதில், வாறன். பட்டியலில் எழுதச் சொல்லு. வாலில் நிற்க மாட்டேன். உங்கள் பலகைக்குக் கழியை நான்தான் செருகுவேன், மணிக்கட்டு முறிந்தவரிடம் அன்றைக்கு எல்லார் முன்னாலும் திரும்ப மன்னிப்புக் கேட்டுவிட்டுச் செருகுவேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை வீட்டுக்கு வா. "அம்மா, போன வருசம் எனக்குச் சோதனை இருக்கேல்லை" என்று என் முகத்தைப் பார்த்து, உன் வாயால் சொல்லு. எழுதி அனுப்பாதே. நான் அழுவேன், கத்தினாலும் கத்துவேன், கை நடுங்கும். நடுங்கட்டும். நீ அதைப் பார்த்துப் பாதியில் நிறுத்தாதே, முழுவதையும் சொல்லி முடி. அதைக் கேட்கும்போது நானும் நீயும் மட்டும்தான் இருக்க வேண்டும், அதனால் முதலில் நீ தனிய மேலே வா. ஆனால் யுன்னைக் கீழே காரில் இருத்திவிட்டு வராதே. குளிரில் பிள்ளை விறைத்துப் போவாள். தாய் வீட்டில் இருக்கச் சொல்லு, எதிர்க்கதவுதானே. நீ சொல்லி முடித்ததும் நானே போய்த் தட்டிக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அம்மா